நாற்பதுக்கு இன்னும் 21 நாள்

அம்பாறை மாவட்டக் கரையோரத்து ஊர் ஒன்றிலிருந்து 26 வயது ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவரது முதல் குழந்தைக்கு, கடிதம் எழுதிய அன்று வயது 19 நாள். பெண் பிள்ளை. ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைத்து, அகீகாவும் (பிள்ளை பிறந்ததற்கான குர்பானி) கொடுத்தாகிவிட்டது. நாற்பது நாளுக்குள் ஒஸ்தா மாமியை (இதைச் செய்வதைத் தொழிலாகக் கொண்ட பெண்) கூப்பிட்டுச் 'சுன்னத்' (பெண்ணுறுப்பில் வெட்டுவது அல்லது கீறுவது) செய்துவிட வேண்டும் என்று அவரது உம்மாவும் மூத்தம்மாவும் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். கேட்டால், "பொம்புளைகள்ற விசயம், உம்மா சொல்றபடி செய்யுங்க" என்கிறார்.

கடிதம் எழுதிய இந்தச் சகோதரிக்கும் குழந்தையாக இருந்தபோது இதைச் செய்திருக்கிறார்கள். அது அவருக்கு நினைவில்லை. நினைவில் இருப்பது வேறொன்று. பதினொரு வயதில், பெரியம்மாவின் மகளுடைய குழந்தைக்கு நடந்தபோது, "காலப் பிடிச்சுக்க" என்று இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிடித்துக்கொண்டார். "அந்தப் பிள்ளை வீரிட்டதும் நான் கையை விட்டுட்டன். 'இறுக்கிப் பிடி'ண்டு உம்மா ஏசினா. திரும்பப் பிடிச்சன்" என்று எழுதுகிறார். தன் மகளைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அந்தக் கால்கள்தாம் கண்முன் வருகின்றனவாம்.

இதற்கிடையே, பெண்களின் அனுபவங்களைத் திரட்டும் அமைப்பு ஒன்று அவரிடம் ஒலிப்பதிவாக ஒரு வாக்குமூலம் கேட்டிருக்கிறது. பெயரோடு பேசினால் கனம் கூடும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். தங்கைக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. உம்மா அழுகிறார். "மற்றவங்க நம்மட சமூகத்த ஏசுறதுக்கு நானே வழி வெட்டிக் குடுக்கிறனா?" என்ற கலக்கம் வேறு. அவர் கேட்பவை: மறுக்க எனக்குச் சட்டப்படி உரிமை உண்டா? மறுத்தால் பாவமா? டொக்டர் ஒருவரிடம் 'சும்மா ஒரு கீறல்' என்று முடித்துக்கொள்ளலாமா? எதுவும் நினைவில்லாத நான் பாதிக்கப்பட்டவள் என்று சொல்லிக்கொள்ளலாமா? பேசத் துணிவில்லாத நான் என் மகளை எப்படிக் காப்பேன்?

பிள்ளைக்கு நாள் ஓடிக்கொண்டிருந்ததால், சட்டம் பற்றிய பகுதியை உடனே தனிமடலில் அனுப்பிவிட்டேன். முழுப் பதிலும் அவருடைய சம்மதத்தோடு, அடையாளங்கள் மாற்றப்பட்டு இங்கே வருகிறது.

அன்புத் தங்கைக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். அதில் இரண்டு காரியங்கள் பின்னிக் கிடக்கின்றன. மகளைக் காப்பது ஒன்று, உங்கள் கதையை ஊருக்குச் சொல்வது இன்னொன்று. இரண்டாவதைச் செய்யத் தைரியம் வந்தால்தான் முதலாவதைச் செய்யத் தகுதி வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இரண்டையும் பிரித்து வையுங்கள். மகளைக் காக்க நீங்கள் ஒலிவாங்கி முன் உட்காரத் தேவையில்லை. உங்கள் வீட்டுக் கதவுக்குள் ஒரு 'இல்லை' போதும். அதற்கு 21 நாள் கெடு இருக்கிறது. பேசுவதற்குக் கெடு ஏதும் இல்லை. ஐம்பது வயதில் பேசலாம். பேசாமலும் இருக்கலாம்.

முதலில் பிள்ளை

மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் அந்தப் பிள்ளையின் தாய். உங்கள் சம்மதம் இல்லாமல் வேறு எவரும், பெற்ற உம்மாவே ஆனாலும், அவள் உடம்பில் கத்தி வைக்க முடியாது. நம் கரையோரத்தில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். உம்மா தந்த வீட்டில் இருந்துகொண்டு உம்மாவை எப்படி எதிர்ப்பது என்று தயங்குகிறீர்கள். வீட்டின் உறுதி உங்கள் பெயரில் எழுதப்பட்டிருந்தால் அது உங்கள் வீடு. எழுதப்படாவிட்டாலும், வீடு தந்ததற்காகப் பிள்ளையின் உடம்பு பற்றிய தீர்மானம் கைமாறிவிடாது.

இலங்கையில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. அதைச் சொல்லித்தான் பலர் "சட்டம் தடுக்கல்லையே" என்கிறார்கள். ஆனால் தண்டனைச் சட்டக்கோவையில் காயப்படுத்தல், கொடுங்காயம் பற்றிய பிரிவுகள் இருக்கின்றன. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, தன் பொறுப்பில் உள்ள 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் துன்புறுத்துவதைக் குற்றமாக்குகிறது. தண்டனை 2 முதல் 10 வருடம் வரை சிறை. வழக்கம், சம்பிரதாயம் என்ற விதிவிலக்கு அதில் எழுதப்படவில்லை. பிள்ளைக்கு மருத்துவத் தேவை எதுவுமே இல்லாத ஒரு வெட்டு இது என்பதை மனதில் வையுங்கள்.

"முறைப்பாடு செய்தால் உம்மா மறியலுக்குப் போவா, அதனால் வாய்மூடி இருப்பதுதான் ஒரே வழி" என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் எத்தனையோ படிகள் இருக்கின்றன. நான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது மூன்றாவது படியிலேயே காரியம் முடிந்துவிடும்.

இன்றைக்கே கணவரோடு பேசுங்கள். அவரை வாதத்தில் வெல்ல வேண்டாம். நீங்கள் எனக்கு எழுதிய அந்தக் கால்களைப் பற்றிய பந்தியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இது என்ன என்று அநேக ஆண்களுக்குத் தெரியவே தெரியாது. அறைக்கு வெளியே வைத்துத்தானே வளர்த்திருக்கிறோம். அவரிடமிருந்து வேண்டியது வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு: "என்ட மகளுக்கு இது செய்ய வேணாம், நானும் சம்மதமில்ல." உம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டலாம். ஊராருக்குச் சொல்ல உம்மாவுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும். "மருமகன் விரும்பல்ல" என்று சொல்வது அவருக்கு "மகள் கேக்கிறாளில்ல" என்பதைவிட எளிது. பெண்ணின் மறுப்புக்கு ஆணின் குரல் ஏன் துணை வேண்டும் என்று உங்களுக்கு வலிக்கலாம். எனக்கும் வலிக்கிறது. இந்த 21 நாளில் அந்தச் சண்டையையும் சேர்த்துப் போட வேண்டாம்.

அடுத்து, பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வரும் மருத்துவ மாது. அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். சுகாதார அமைச்சு 2018இல் வெளியிட்ட சுற்றறிக்கை, மருத்துவர்கள் எவரும் இதைச் செய்யக் கூடாது என்கிறது. "இப்படிச் செய்தா இரத்தம் போகும், கிருமி தொற்றும்" என்று அவர் உம்மாவின் முன்னால் ஒரு தடவை சொன்னால், அது நீங்கள் நூறு தடவை சொல்வதற்குச் சமம். தேவைப்பட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் பிள்ளையோடு போய் வாருங்கள்.

ஒஸ்தா மாமியிடமும் நீங்களே பேசலாம். நிறையப் பேர் இந்தப் படியை மறந்துவிடுகிறார்கள். தாய் நேரே வந்து "எனக்குச் சம்மதமில்ல, என்ட பிள்ளையத் தொட வேணாம்" என்று சொன்ன பிறகு எந்த ஒஸ்தா மாமியும் எளிதில் துணிய மாட்டார். மரியாதையாகவே சொல்லுங்கள். அவரும் தன் உம்மாவிடமிருந்து கற்ற வேலையைச் செய்து சீவிப்பவர்.

இவை எதற்கும் மசியாமல், நீங்கள் இல்லாத நேரம் பார்த்துச் செய்துவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பிள்ளையின் சார்பில் தாய் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். நடந்து முடிந்திருக்க வேண்டும் என்றில்லை, நடக்கக்கூடும் என்ற நிலையே போதும். கட்டளை கிடைப்பதால் உம்மா குற்றவாளி ஆகிவிட மாட்டார். அதை மீறினால்தான் தண்டனை. சட்டத்தரணிக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருப்பார். ஆனால் சின்ன ஊரில் அவரே உங்கள் மாமன் மகளாகவும் இருக்கலாம். அப்படியானால் நேரே 1929.

நாற்பது கழிந்தால் ஆபத்து கழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். "அப்ப விட்டுட்டம், இப்ப செய்வம்" என்று பிறகும் பேச்சு வரலாம். ஷீஆ முஸ்லிம்களில் ஒரு பிரிவான போரா சமூகத்தில் ஏழு வயதளவில்தான் செய்கிறார்கள். நீங்கள் பாடசாலைக்குத் திரும்பிய பிறகு பிள்ளை யாருடைய கையில் இருப்பாள் என்பதை இப்போதே யோசித்து வையுங்கள்.

'சும்மா ஒரு கீறல்'

கொழும்பில் ஒரு டொக்டரிடம் கொண்டுபோனால் ஊசி முனையால் ஒரு துளி இரத்தம் எடுத்து விட்டுவிடுவார், உம்மாவும் சமாதானமாவா என்று அயல்வீட்டு ராத்தா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். இந்த யோசனையில் நீங்கள் பாதி சாய்ந்திருக்கிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

19 நாள் பிள்ளைக்கு, வெட்டப்படும் அந்த உறுப்பின் (பெண்குறிக் காம்பு) வெளியே தெரியும் பாகம் சில மில்லிமீற்றர். அதை மூடியிருக்கும் தோல் அதைவிட மெல்லியது. துடிக்கும் குழந்தையின் மேல், தோலை மட்டும் தொட்டு உறுப்பைத் தொடாமல் கீறுவதற்கு எந்தக் கைக்கும் உத்தரவாதம் இல்லை. உடம்பிலேயே நரம்புகள் மிக நெருங்கிக் கிடக்கும் இடங்களில் ஒன்று அது. உலக சுகாதார நிறுவனம் இந்த வழக்கத்தைப் 'பெண் உறுப்புச் சிதைப்பு' என்று அழைத்து, நான்கு வகையாகப் பிரித்திருக்கிறது. குத்துவது, கீறுவது எல்லாம் நான்காவது வகையில் வருகின்றன. எந்த வகையிலும் உடலுக்கு ஒரு நன்மையும் இல்லை என்பதும், மருத்துவர் கையால் செய்வதையும் ஏற்க முடியாது என்பதும் அதன் உறுதியான நிலைப்பாடு. அவுஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் 2019இல் இந்தக் கேள்விக்கே தீர்ப்புச் சொன்னது. போரா சமூகத்துச் சகோதரிகள் இருவருக்குச் செய்யப்பட்டது தொடர்பான வழக்கு அது. வெறும் கீறல் சிதைப்பு ஆகாது என்று குற்றஞ்சாட்டப்பட்டோர் தரப்பு வாதாடியது. கீறலும் சட்டம் தடுக்கும் சிதைப்புத்தான் என்றது நீதிமன்றம்.

"நாங்க ஆபிரிக்காவில செய்ற மாதிரியா செய்றம்?" என்று நம் வீடுகளில் கேட்பார்கள். சோமாலியாவில் தைத்து மூடும் கொடுமையோடு ஒப்பிட்டால் நம்முடையது சிறியது என்பது உண்மைதான். ஆனால் இங்கே எவ்வளவு வெட்டப்படுகிறது என்று யார் பார்க்கிறார்கள்? ஒரு வீட்டில் ஊசியால் ஒரு குத்து. இன்னொரு வீட்டில் சவரத் தகட்டால் ஒரு துண்டு. தாய் அடுத்த அறையில் இருப்பாள். பஞ்சில் இரத்தத்தைக் காட்டினால் சரி. உங்களுக்கு எவ்வளவு எடுத்தார்கள் என்று உங்கள் உம்மாவுக்கே தெரியாது என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சுற்றறிக்கைக்குப் பிறகும் ஒரு டொக்டர் இதைச் செய்ய முன்வருகிறார் என்றால், பதிவில் எழுதாமல், பின்கதவு வழியாகத்தான் செய்வார். இரத்தம் நிற்காவிட்டால் அவர் உங்களுக்குத் துணைக்கு வருவாரா?

மார்க்கம் பற்றி

நான் சட்டத்தரணி, மார்க்கம் கற்ற ஆலிமா அல்ல. பத்வா (மார்க்க அபிப்பிராயம்) கொடுக்கும் இடத்தில் நான் இல்லை. தெரிந்த உண்மைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

மார்க்க அறிஞர்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா 2007இல் கொடுத்த பத்வா பெண்ணுக்கும் இது கடமை என்று சொல்கிறது. நாம் பின்பற்றும் மார்க்கச் சட்ட வழியான ஷாபி மத்ஹபின் நூல்களில் அந்தக் கருத்து இருக்கிறது. உங்களுக்கு ஆறுதல் சொல்வதற்காக அதை மறைக்க மாட்டேன். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. குர்ஆனில் இதைப் பற்றி ஒரு வசனமும் இல்லை. பெரும்பாலும் ஆதாரமாகக் காட்டப்படும் உம்மு அதிய்யா ஹதீஸை (நபிமொழி) தொகுப்பில் பதிவு செய்த அபூதாவூதே அதைப் பலவீனமானது என்று குறித்திருக்கிறார். எகிப்தில் 2007 ஜூனில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி இதனால் இறந்தபோது, அந்நாட்டு முஃப்தி அலீ ஜும்ஆ இதைத் தடுக்கப்பட்டது என்று அறிவித்தார். அங்குள்ள அல்அஸ்ஹர் மார்க்கக் கல்வி நிலையத்தின் உயர் ஆய்வுச் சபையும் மார்க்கச் சட்டத்தில் இதற்கு அடிப்படை இல்லை என்றது.

எகிப்து தூரம், அங்கே நிலைமை வேறு என்று உங்கள் மூத்தம்மா சொன்னால் இந்தோனேசியாவைச் சொல்லுங்கள். அவர்களும் நம்மைப்போல் ஷாபிகள், அங்கேயும் குழந்தையிலேயே செய்யும் வழக்கம். 2022 நவம்பரில் அந்நாட்டுப் பெண் உலமாக்களின் மாநாடு, மருத்துவக் காரணம் இல்லாமல் இதைச் செய்வது ஹராம் என்று தீர்மானித்தது. 2024இல் அரசு ஒழுங்குவிதியே கைக்குழந்தைகளுக்கு இதைச் செய்யும் வழக்கத்தை ஒழிக்கச் சொன்னது. அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள விடயம் இது. நீங்கள் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வதால் மார்க்கத்தை விட்டு வெளியேறிவிட மாட்டீர்கள். அதோடு, பத்வா ஒரு மார்க்க அபிப்பிராயம். எந்த நீதிமன்றத்திலும் அது உங்களைக் கட்டுப்படுத்தாது.

உம்மாவிடம் பேசும்போது 'சிதைப்பு' என்ற சொல்லை எடுக்காதீர்கள். ஆவணத்தில் அது சரியான சொல். சமையலறையில் அந்தச் சொல் "நீ உன் பிள்ளையைச் சிதைத்தாய்" என்றுதான் உம்மாவின் காதில் விழும். 'வெட்டு' என்று சொல்லுங்கள். அதுவே போதுமான அளவு உண்மை.

நினைவில்லை என்பது

"எனக்கு ஒன்றுமே நினைவில்லை, நான் பாதிக்கப்பட்டவள் என்று சொன்னால் பொய்யாகாதா?" இந்தக் கேள்வியை நம் நாட்டுப் பெண்கள் பலர் கேட்பார்கள். மும்பையின் போரா சமூகத்தில் பிறந்த மாசூமா ரணால்வி ஏழு வயதில் தனக்கு நடந்ததை நினைவிலிருந்து சொல்ல முடிந்தது. சோமாலியாவில் பிறந்த எழுத்தாளர் வாரிஸ் டிரியும் சிறுவயதில் தனக்கு நடந்ததை நினைவிலிருந்தே சொன்னார். நமக்கோ நாற்பது நாளுக்குள் முடிந்துவிடுகிறது. யாரோ ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லி, அல்லது இன்னொரு குழந்தைக்கு நடப்பதைப் பார்த்துத்தான் தெரிய வருகிறது. நினைவு இல்லாததால் உடம்பில் நடந்தது நடக்காததாகாது. தொட்டில் பருவத்தில் கை முறிந்த ஒருவரிடம், "உனக்கு நினைவிருக்கிறதா?" என்று கேட்டா அவர் கை முறிந்ததை நம்புகிறோம்?

அதே நேரம், "எனக்கு ஒன்றும் குறையில்லை" என்று சொல்லும் பெண்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. தாம்பத்தியத்தில் உங்களுக்கு இருந்த வலிக்கு இந்த வெட்டுத்தான் காரணமா என்று கேட்கிறீர்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பிரசவத் தையல் ஆறியபின் ஒரு பெண்ணியல் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். அவரிடம் உங்களுக்கு இது செய்யப்பட்டிருக்கிறது என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். கேட்கத் தெரியாத வைத்தியர்களும் இருக்கிறார்கள். இரவில் அந்தக் கால்கள் கண்முன் வந்து தூக்கம் போகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். பிள்ளை பெற்ற முதல் வாரங்களில் பழைய பயங்கள் மேலே வருவது புதிதல்ல, அதற்கும் உதவி இருக்கிறது.

அந்தக் கால்களைப் பற்றி. நீங்கள் பதினொரு வயதுப் பிள்ளை. இன்றைய நம் சட்டம் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் செயலைக் குற்றமாகவே கொள்வதில்லை. நான் சொல்ல வருவது சட்டத்தை மட்டுமல்ல. குழந்தை வீரிட்டதும் உங்கள் கை தானாகவே விட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நான் பலமுறை வாசித்தேன். அந்த அறையில் இருந்தவர்களில் விட்டுவிடச் சொன்னது உங்கள் கை ஒன்றுதான்.

பேசுவதென்றால்

உலகம் முழுவதும் 23 கோடிக்கும் அதிகமான பெண்களும் சிறுமிகளும் இதற்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று 2024இல் யுனிசெஃப் கணக்கிட்டது. அதில் ஏறத்தாழ 8 கோடிப் பேர் ஆசியாவில். பெண்கள் வாய் திறக்கும்வரை இலங்கையில் இப்படி ஒன்று நடக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. 2017 இறுதியில் முஸ்லிம் பெண்கள் சிலர் தங்கள் அனுபவங்களை நாடாளுமன்றத்தின் பெண்கள் தொடர்பான மேற்பார்வைக் குழுவின் முன் வைத்தார்கள். அடுத்த வருடம்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. பாதிக்கப்பட்ட பெண்களின் அடையாளம் வெளியிடப்படவில்லை. பெயர் சொல்லாமல் பேசியதால் அவர்களின் சொல்லுக்குக் கனம் குறைந்துவிட்டதா? "பெயரோடு பேசினால்தான் கனம்" என்று உங்களிடம் சொன்னவர்களோடு நான் உடன்படவில்லை.

பெயரோடு பேசியவர்களும் பெரிய காரியம் செய்திருக்கிறார்கள். மாசூமா ரணால்வியும் மற்றப் போரா பெண்களும் 2015இல் பேசத் தொடங்கிய விடயம், இரண்டு வருடத்தில் இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2018இல் அது அரசியலமைப்பு அமர்வுக்கு அனுப்பப்பட்டது. காம்பியாவில் 2015இல் தடைச் சட்டம் வந்து, 2024இல் அதை நீக்கும் மசோதா நாடாளுமன்றம்வரை வந்தபோது, ஜஹா டுகுரே போன்ற பாதிக்கப்பட்ட பெண்கள் மறுபடியும் மறுபடியும் தங்கள் உடம்பைப் பற்றிப் பேச வேண்டி வந்தது. அந்த ஜூலையில் மசோதா தோற்றது. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதற்காக அவர்களைப்போல் நீங்களும் பேசியே ஆக வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை. நானும் உங்கள் கரையோரத்தில் பிறந்தவள்தான். எனக்கு என்ன நடந்தது, நடக்கவில்லை என்று இந்தப் பத்தியில் நான் எழுதவில்லை. அது என் விருப்பம். அந்த விருப்பத்தை உங்களுக்கும் விட்டுத்தர எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும், நல்ல நோக்கம் கொண்ட அமைப்புகள் உட்பட.

மற்றவர்கள் நம்மை ஏசுவார்களே என்ற பயத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு புரளியைக் கிளப்பி முஸ்லிம் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு நாம் எப்படிப் பார்க்கப்பட்டோம் என்பதும், கொவிட்டில் நம் ஜனாஸாக்களை (இறந்தவர்களின் உடல்களை) எரித்ததும் உங்களுக்கும் எனக்கும் ஆறாத புண். இந்த நாட்டில் ஒரு முஸ்லிம் பெண் தன் வீட்டுக் குறையைச் சொன்னால், அதைத் தூக்கிக்கொண்டு ஓட ஆட்கள் காத்திருக்கிறார்கள். அந்த ஆட்களுக்காக நம் குழந்தைகள் வெட்டுப்பட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. நம் மொழியில், நமக்குள், நாமே பேசி நிறுத்துவது அவர்களுக்கு ஆயுதம் கொடுப்பதாகாது. எங்கே, யாருக்கு, எந்த மொழியில் பேசுகிறோம் என்பதை மட்டும் நாம் தீர்மானிக்க வேண்டும்.

பேசுவது என்று என்றாவது முடிவெடுத்தால், ஒப்பமிட முன் இவற்றை எழுத்தில் கேளுங்கள்:

- ஒலிப்பதிவு யாரிடம் இருக்கும், எங்கெங்கே ஒலிக்கும்? வேறு நாட்டில் ஒரு கருத்தரங்கில் போட உங்களிடம் மறுபடியும் அனுமதி கேட்பார்களா?
- மனம் மாறினால் திரும்பப் பெறலாமா, எதுவரை?
- குரலை மாற்றுவார்களா? பெயரை நீக்கிவிட்டு ஊர், தொழில், பிள்ளையின் வயது மூன்றையும் விட்டுவைத்தால் சின்ன ஊரில் அரைமணி நேரத்தில் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.
- பேசிய பிறகு ஏச்சும் மிரட்டலும் வந்தால் உங்களுக்குச் சட்ட உதவி, மன உதவி தருவது யார்?

சட்டப் பக்கத்தில், உங்கள் உடம்புக்கு நடந்ததை நீங்கள் சொல்வது குற்றமில்லை. அவதூறு 2002இலிருந்து தண்டனைச் சட்டக்கோவையில் குற்றமாகவும் இல்லை. ஆனால் ஒஸ்தா மாமியின் பெயரையோ ஓர் ஆலிமின் பெயரையோ சொன்னால் நட்டஈட்டு வழக்கு வரலாம். இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும், மத நிந்தனை என்ற பெயரில் எழுதுபவர்கள்மேல் பாய்ந்திருக்கும் 2007ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டமும் இருக்கும்போது, கோபத்தில் பேஸ்புக்கில் நள்ளிரவில் எழுதுவதைத் தவிருங்கள். உங்கள் அனுபவத்தோடு நில்லுங்கள், தனிமனிதர்களின் பெயரை விட்டுவிடுங்கள். பெரியம்மா மகளின் குழந்தையைப் பற்றி அவளது அனுமதி இல்லாமல் பேசவே வேண்டாம். அவளுக்கு இப்போது பதினைந்து வயது ஆகியிருக்கும். அது அவளுடைய கதை.

உம்மாவிடம் பேச நல்ல நேரம் எது என்று கேட்டிருந்தீர்கள். இரவில், பிள்ளை தூங்கிய பிறகு, மூத்தம்மா பக்கத்தில் இல்லாதபோது. மார்க்கத்தில் தொடங்காதீர்கள், சட்டத்தில் வேண்டவே வேண்டாம். "உம்மா, எனக்குச் செய்யக்குள்ள நீங்க எந்த அறையில இருந்தீங்க?" என்று கேளுங்கள். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருங்கள்.

ஒலிப்பதிவுக்கு நாள் கேட்டவர்களுக்கு நாளைக்கே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள்: நாற்பது கழியட்டும், பிறகு நானே அழைக்கிறேன் என்று. அதற்குள் அவசரம் என்றால் அவர்கள் வேறு ஒருவரைத் தேடிக்கொள்வார்கள்.